குண்டு எங்கே போய் நிற்கும்?



காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகே உண்ண உட்காரும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. அந்தக் காகத்தைச் சுடுவதற்கு எந்த அளவுத் துப்பாக்கி ஏற்றது, எவ்வகைத் தோட்டா ஏற்றது என்பது பற்றி இன்று பேசப் போகிறேன் என்றால், உங்களுள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். உங்களுள் எவரையும் துப்பாக்கி ஏந்தச் செய்வது என் எண்ணமன்று. இயக்க ஆற்றல், எறியப்பட்ட பொருளின் பாதை, ஒலியின் வேகம் என்று நீங்கள் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவையெல்லாம் ஒரு குடியானவனின் கையில் ஒன்றுகூடும் இடம் இது. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் ஆதலால், இத்தகைய இடங்கள் என்னை விடாமல் இழுக்கின்றன.

காகத்தை ஒருவன் ஏன் சுட வேண்டும்? பிரிட்டனின் மலைப்பகுதி ஆட்டுப் பண்ணை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். இளவேனிற்காலம் அங்கே ஆடுகள் குட்டி போடும் பருவம். அந்நாட்டில் கருங்காகம் என்றொரு வகை உண்டு. நம் ஊர் வீட்டுக் காகத்தினும் சற்றுப் பெரியது. உடல் முழுவதும் கறுப்பு. எடை ஏறத்தாழ 500 கிராம். அப்போதுதான் பிறந்து எழுந்து நிற்க மாட்டாமல் கிடக்கும் குட்டியின் கண்ணையும் நாவையும் இக்காகம் கொத்திவிடும். கம்பளி கனத்து, மல்லாந்து விழுந்து, புரள முடியாமல் கிடக்கும் தாயாட்டையும் விடுவதில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் கவர்ந்து செல்லும். ஓர் இரவு முழுதும் கண்விழித்துக் குட்டியைக் காத்தவன், காலையில் அது குருடாகிக் கிடக்கக் கண்டால் துப்பாக்கியை நாடுவது வியப்பன்று.

எனினும் அவன் நினைத்தவுடன் சுட்டுவிட முடியாது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, அங்கே காட்டுப் பறவைகள் பொதுவாகப் பாதுகாக்கப்பட்டவை. கால்நடைகளுக்குப் பெருந்தீங்கைத் தடுப்பது போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காகப் பொது உரிமம் என்ற ஏற்பாட்டின்கீழ்ச் சில இனங்களை மட்டும் கொல்லலாம். 2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் இத்தகைய உரிமங்கள் சில, சட்டப்படி வழங்கப்பட்டனவா என்ற வழக்கு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டு, பின்னர்ப் புதிய நிபந்தனைகளுடன் வெளியிடப்பட்டன. ஆகவே குடியானவன் முதலில் பார்க்க வேண்டியது உரிமத்தின் வாசகத்தை; துப்பாக்கியின் குழலைப் பார்ப்பது அதற்குப் பின்னரே.

இனிக் குழலுக்கு வருவோம். துப்பாக்கியின் அளவை ‘காலிபர்’ என்பார்கள். அது குழலின் உள்விட்டத்தை ஒட்டிய அளவு. ஆங்கில முறையில் அதனை அங்குலத்தின் பின்னமாகக் கூறுவர். .22 என்றால் ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி அவற்றுள் 22 கூறு. அஃதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். .177 என்றால் 4.5 மில்லிமீட்டர். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். குண்டு, மருந்து, அதனைப் பற்றவைக்கும் அமைப்பு ஆகியவற்றை ஒரு பித்தளைக் கூட்டில் அடைத்தது தோட்டா. அதிலிருந்து புறப்பட்டுச் செல்வது குண்டு. ரைபிள் என்பது, குழலின் உட்புறத்தில் திருகு போன்ற புரிகளை உடைய துப்பாக்கி. அப்புரிகள் குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்து நேரே செல்ல வைக்கின்றன. புரியில்லாத வழவழப்பான குழலிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு ரவைகளை ஒருசேரத் தூவுவது ரவைத் துப்பாக்கி. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

ஆற்றலைக் கணக்கிடுவோம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. முதலில் காற்று ரைபிள். இங்கிலாந்தில் தனி உரிமம் இன்றி வைத்துக்கொள்ளக்கூடிய காற்று ரைபிளுக்குச் சட்டம் 12 அடி-பவுண்டு வரம்பு விதித்திருக்கிறது. அது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஒரு கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 16.2 ஜூல். ஒரு கிலோகிராம் படிக்கல்லை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே தூக்கும் ஆற்றல் அது. அடுத்தது, 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ‘.22 லாங் ரைபிள்’ தோட்டா. அதன் குண்டு 40 கிரெயின், அஃதாவது 2.6 கிராம். வேகம் வினாடிக்கு 330 மீட்டர் என்று கொண்டால் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். மூன்றாவது, 2002இல் வெளிவந்த ‘.17 எச்.எம்.ஆர்.’ தோட்டா. குண்டு 1.1 கிராம்தான், ஆனால் வேகம் வினாடிக்கு 770 மீட்டருக்கும் மேல். ஆற்றல் 330 ஜூல் அளவில் வருகிறது. எடை பாதிக்கும் குறைவாகியும் ஆற்றல் இருமடங்குக்கு மேலாகியது, வேகம் வர்க்கமாகப் பெருகுவதன் பயன். நான்காவது, ‘.223’ போன்ற பெரிய தோட்டாக்கள். 3.56 கிராம் குண்டு, வினாடிக்கு 980 மீட்டர். ஆற்றல் 1,700 ஜூல்.

காகமோ அரைக் கிலோகிராம் எடையுள்ள பறவை. அதன் தலையிலோ நெஞ்சிலோ சரியாகப் பட்டால், அண்மையிலிருந்து சுடப்பட்ட காற்று ரைபிளின் குண்டே போதும். அது துன்புறாமல் உடனே இறந்துவிடும். ஆயின் மேலே கூறிய நான்கும் காகத்தைக் கொல்லப் போதுமானவையே. ஆற்றல் என்ற அளவுகோல் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவவில்லை. வேறு அளவுகோல் வேண்டும்.

குறி தவறாமை என்பது அவ்வாறான ஓர் அளவுகோல். காகத்தின் உயிர்நிலை ஏறத்தாழ ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு. அதில் படாமல் சிறகில் பட்டால் பறவை பல நாள் வதைபட்டுச் சாகும். .22 குண்டு 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.32 வினாடி ஆகிறது. அந்நேரத்தில் புவியீர்ப்பு அதனை எவ்வளவு கீழே இழுக்கும்? 4.9ஐ 0.32இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். அரை மீட்டர் வருகிறது. 50 மீட்டரிலோ அதில் கால் பங்குதான். 50 மீட்டருக்கெனக் குறிக்கண்ணாடியைச் சரிசெய்து வைத்திருப்பவன், 100 மீட்டரில் இருக்கும் காகத்தை 50 மீட்டரில் இருப்பதாக எண்ணிச் சுட்டால், குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே போய்விடும். .17 குண்டோ அதே 100 மீட்டரை 0.15 வினாடியில் கடப்பதால், அதன் வீழ்ச்சி 11 சென்டிமீட்டர் அளவே. தூரத்தை மதிப்பிடுவதில் சிறு பிழை நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். வேகமான குண்டின் உண்மையான பயன், அது வலுவாக அடிப்பது என்பதைவிட, நேராகச் செல்வதே.

ஒலியும் இங்கே கணக்கில் வருகிறது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அதனை மீறும் குண்டு சாட்டை சொடுக்குவது போன்ற ஓசையை வழியெல்லாம் எழுப்பும். ஆகவே .22 தோட்டாவில் வினாடிக்கு 320 மீட்டர் அளவில் அடங்கிச் செல்லும் ‘சப்சோனிக்’ வகையும் செய்கிறார்கள். காகங்கள் கலையாமல் இருக்கச் சிலர் அதனை விரும்புகிறார்கள். காகத்தின் அறிவு எளியதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஜான் மார்ஸ்லஃப் என்பவரும் அவருடைய குழுவினரும், 2006இல் ஒருவகை முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, அடையாள வளையமிட்டு விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியுடன் எவர் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தி விரட்டின. பல ஆண்டுகள் சென்றும் அவை மறக்கவில்லை. எனவே குறி தவறிய முதற்குண்டு வெறும் வீணன்று; எஞ்சிய காகங்களுக்கு அது ஒரு பாடம். மறுநாள் அவை அந்த மனிதனைக் கண்டதும் எட்டாத தொலைவுக்குப் போய்விடும்.

இதுவரை நாம் காகத்தையும் குண்டையும் மட்டுமே பார்த்தோம். இனிப் பார்க்கப்போவதே இப்பேச்சின் உயிர்ப்பகுதி. காகத்தின் மேல் படாத குண்டு, அல்லது பட்டும் ஊடுருவிச் சென்ற குண்டு, எங்கே போய் நிற்கும்?

நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தபோது, உண்டிவில்லும் கையுமாக ஒரு பையனை என் அறைக்கு அழைத்து வந்தார்கள். வேப்ப மரத்தில் இருந்த காகத்தை அடித்திருக்கிறான். கல் மதிலைத் தாண்டிச் சென்று அடுத்த வீட்டுக் கூரை ஓடு ஒன்றை உடைத்துவிட்டது. “என்னடா செய்தாய்?” என்றேன். “காக்கா மேல படவே இல்லை, சார்” என்றான் அவன். அதைச் சொன்னால் குற்றம் தீர்ந்துபோகும் என்பது அவன் நம்பிக்கை. அவனுடைய உலகில் அந்நேரத்தில் இருந்தவை கல்லும் காகமும் மட்டுமே; மதிலும் இல்லை, கூரையும் இல்லை. கூரையின் கீழே மனிதர்கள் இருக்கக் கூடும் என்பதை நான் சொன்ன பிறகே அவன் கண் கலங்கியது.

அக்கல்லின் இடத்தில் ஒரு .22 குண்டை வைத்துப் பாருங்கள். காற்றின் தடை இல்லையென்று கொண்டால், வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் எறியப்பட்ட பொருள் 11 கிலோமீட்டர் செல்லும் என்று உங்கள் பாடநூலின் சமன்பாடு கூறும். உண்மையில் காற்று அதன் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்கிறது. ஆயினும் அச்சிறு குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் செல்ல வல்லது. ஒன்றரை மைல் வரை அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையை அத்தோட்டாப் பெட்டிகளின்மீது அச்சிடுவது வழக்கம். காற்றின் தடை காரணமாக, மிகுந்த தொலைவு செல்வதற்கான கோணமும் 45 பாகையிலிருந்து குறைந்து 30 பாகையை ஒட்டி வந்துவிடுகிறது.

இப்போது, 15 மீட்டர் உயர மரத்தின் உச்சியில் ஒரு காகம் அமர்ந்திருக்கிறது. 26 மீட்டர் தள்ளி ஒருவன் நின்று குறிபார்க்கிறான். கோணம் என்ன? 15ஐ 26ஆல் வகுத்தால் 0.577. அட்டவணையைப் புரட்டுங்கள், 30 பாகை. மரத்துக் காகத்தைச் சுட எவரும் இயல்பாகத் துப்பாக்கியை உயர்த்தும் கோணமும், குண்டு மிகத் தொலைவுக்குச் செல்லும் கோணமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. காகத்துக்குப் பின்னால் வானம் வெறுமையாகத் தெரிவதால், எதிரே யாரும் இல்லை என்ற மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. குண்டு இறங்கும் இடமோ அடுத்த ஊரின் களத்துமேடாக இருக்கலாம். பள்ளியின் விளையாட்டுத் திடலாக இருக்கலாம். .223 போன்றவை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் செல்பவை என்றால், அபாயத்தின் பரப்பை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மாறாக ரவைத் துப்பாக்கியைக் கவனியுங்கள். ஒரு சிறு ரவை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஜூர்னே என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் ஓர் எளிய விதி தந்திருக்கிறார். ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200ஆல் பெருக்கினால், அது செல்லக்கூடிய பெருந்தொலைவு கெஜத்தில் கிடைக்கும். காகத்துக்குப் பயன்படும் ரவை ஏறத்தாழ 0.1 அங்குலம் என்றால் தொலைவு 220 கெஜம்; சுமார் 200 மீட்டர். அதற்குள் அதன் விசை அடங்கிவிடும். பறக்கும் பறவையையும் மரத்தின்மேல் உள்ள பறவையையும் ரவைத் துப்பாக்கியால் சுடுவதே முறை என்ற வழக்கத்துக்கு இதுவே காரணம். ரைபிளுக்கு உரியது தரையில் அமர்ந்த காகம்; அதுவும் பின்னால் மண்மேடோ மலைச்சரிவோ இருந்து குண்டை விழுங்கிக்கொள்ளும் இடத்தில் மட்டும்.

மண்ணில் பட்ட குண்டும் எப்பொழுதும் அங்கேயே புதைந்துவிடும் என்று சொல்ல இயலாது. மெதுவாகச் செல்லும் உருண்டை முனை ஈயக் குண்டு, கல்லிலோ இறுகிய நிலத்திலோ நீரிலோ சாய்வாகப் பட்டால், குளத்தில் நாம் எறியும் ஓட்டாஞ்சில்லு போலத் தத்திச் செல்லும். .22 இவ்வகையில் பெயர் பெற்றது. மிக வேகமாகச் செல்லும் மெல்லிய .17 குண்டோ நிலத்தில் பட்டதும் பெரும்பாலும் சிதறிப்போகிறது. வலுக் குறைந்தது பாதுகாப்பானது என்று நாம் எண்ணுவோம். இவ்விடத்தில் வலு மிகுந்ததே தத்தாமல் அடங்குகிறது. ஆயினும் அதே .17 குண்டை வானை நோக்கி விட்டால் அதுவும் நெடுந்தொலைவு போகும். மண் இல்லாத பக்கம் சுடுவதற்குத் தகுந்த ரைபிள் குண்டு என்று ஒன்று கிடையாது.

குண்டு நின்ற பிறகும் அதன் கதை முடிவதில்லை. ஈயம் நஞ்சு. சுட்ட காகத்தை வயலில் விட்டுச் சென்றால், அதனைத் தின்னும் நரியும் பருந்தும் ஈயத் துணுக்குகளையும் சேர்த்து விழுங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காண்டர் என்னும் பெருங்கழுகினம் அழிவின் விளிம்புக்குச் சென்றதற்கு ஈய நஞ்சும் ஒரு காரணம். அம்மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுமையாகத் தடைசெய்தது. செம்பும் எஃகும் அதன் இடத்துக்கு வந்திருக்கின்றன. எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது. ஆதலால் எஃகு ரவை விரைவில் வேகம் இழக்கும். அதனைக் கொண்டு சுடுபவன் இன்னும் அருகில் செல்ல வேண்டும்.

ஆக, பிரிட்டனின் அந்தக் குடியானவன் எதனைத் தேர்ந்தெடுப்பான்? கொட்டிலின் அருகே, 30 மீட்டருக்குள் தரையில் இறங்கும் காகத்துக்குக் காற்று ரைபிள். புல்வெளியில், பின்னால் மண்சரிவு இருக்க, 100 மீட்டர் வரையில் .17. பறப்பதற்கும் மரத்தில் இருப்பதற்கும், மனித நடமாட்டம் இல்லாத வெளியில் ரவைத் துப்பாக்கி. 1,700 ஜூல் தோட்டா இவ்வேலைக்கு வேண்டாத ஒன்று. சுடுவதற்கு இடமே அமையாவிட்டால், டென்மார்க்கிலிருந்து வந்த லார்சன் பொறி என்ற கூண்டு இருக்கிறது. ஒரு காகத்தை உள்ளே வைத்து, அதனை எதிர்த்து வரும் காகங்களை உயிருடன் பிடிக்கும் முறை அது.

வயல்வெளியில் இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், நகரத்தில் என்ன செய்வது? இதற்கு விடை தேட நம் வீட்டுக் காகத்தின் பின்னாலேயே கடல் கடந்து செல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்களைக் கொண்டுசென்று விட்டார்கள். காகங்கள் தோட்டத்தோடு நிற்கவில்லை. நகரங்களின் குப்பையைக் கண்டு அங்கே பெருகின. சிங்கப்பூரிலும் அவை பெருகியபோது, பயிற்சி பெற்றவர்கள் பல ஆண்டுகள் ரவைத் துப்பாக்கி கொண்டு அவற்றைச் சுட்டார்கள். குண்டைவிடக் குறைந்த தொலைவே செல்லும் ரவை. அதுவும் தேர்ந்தவர்களின் கையில். அப்படியிருந்தும் 2020இல் அத்தகைய பணியின்போது ஒருவர் காயமுற்றார். சுடும் பணி நிறுத்திவைக்கப்பட்டது. அடுக்குமாடிகள் நெருங்கிய ஊரில் 200 மீட்டர் என்பது எத்தனை சன்னல்கள், எத்தனை நடைபாதைகள்! அங்கே பயன் தருவன, குப்பைத் தொட்டியை மூடிவைப்பதும், மீந்த உணவை வெளியில் கொட்டாதிருப்பதும், கூடுகளை அகற்றுவதும், பொறி வைப்பதுமே. உணவு குறைந்தால் காகமும் குறையும். இத்தோட்டாவுக்குக் குறி தவறுவதில்லை.

நம் நாட்டு நிலையையும் கூறிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தைத் தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. ஆகவே இங்கே காகத்தைப் பற்றி உங்களுக்குக் குறை இருந்தால், தொட்டியின் மூடியே உங்கள் கருவி.

நாளை உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள உயர்ந்த மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் உச்சிக்கு 30 பாகைக் கோணம் அமையும் இடத்தில் நின்று, அந்தத் திசையை ஊரின் வரைபடத்தில் ஒரு கோடாக நீட்டுங்கள். ஒன்றரை மைல் வரை அக்கோட்டின்மீதும் அதன் இருபுறமும் இருக்கும் வீடுகளையும் வயல்களையும் கிணற்றடிகளையும் எண்ணி எழுதுங்கள். அங்கே வாழ்பவர்களின் பெயர்களுள் சில உங்களுக்குத் தெரிந்தனவாகவே இருக்கும். கணக்கை முடித்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.